ஹோஸ்டிங் பிளானில் உள்ள ஜிபி கணக்கைப் படிப்பது எப்படி

ஒரு மாதம் 18ஆம் தேதி காலையில் என் தளத்தைத் திறந்தேன். கதைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பக்கம். மேலே 509 என்று ஓர் எண், கீழே பேண்ட்வித் வரம்பு தாண்டிவிட்டது என்று ஒரு வரி. வேறு எதுவும் இல்லை.

நான் சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவுசெய்து போடுகிறவள். அப்போது தளத்தில் 40 கதைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 20 நிமிடம் போல வரும். தளத்தின் கோப்புகளை வைக்க ஒரு நிறுவனத்தின் சர்வரில் வாடகைக்கு இடம் எடுத்திருந்தேன், ஹோஸ்டிங் என்பது அதுதான். அந்தப் பிளானில் 10 ஜிபி ஸ்டோரேஜ், மாதத்துக்கு 100 ஜிபி டேட்டா டிரான்ஸ்ஃபர் என்று போட்டிருந்தார்கள். 10 ஜிபியில் 1 ஜிபிகூட நிரம்பவில்லையே, எதைத் தாண்டினோம் என்று சப்போர்ட் சாட்டில் கேட்டேன். “மேடம், உங்க ஸ்டோரேஜ்ல இடம் நிறைய இருக்கு. டிரான்ஸ்ஃபர்தான் முடிஞ்சிடுச்சு. 1ஆம் தேதி தானா ரீசெட் ஆகும், இல்லன்னா பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க” என்று பதில் வந்தது. 1ஆம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். புரிந்துகொண்டேன் என்று நினைத்த பிறகும் இரண்டு முறை வேறு வேறு வரம்புகளில் போய் முட்டினேன். மூன்று அனுபவத்தையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். (509 என்பது இணையத் தரநிலையில் உள்ள எண் இல்லை. ஹோஸ்டிங் மென்பொருள்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டது. அதைத் தேடிக்கொண்டே அரைமணி நேரத்தை வீணாக்கினேன்.)

அலமாரியும் ஜெராக்ஸ் தாளும்

ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது. அது எத்தனை இன்ச் இடத்தை அடைக்கிறதோ அதுதான் ஸ்டோரேஜ். வருகிற ஒவ்வொருவரும் புத்தகத்தை எடுத்துப் போவதில்லை, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாதத்துக்கு எத்தனை தாள் செலவாகிறது என்பதுதான் டேட்டா டிரான்ஸ்ஃபர். புத்தகம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் பிரதிக்குத் தாள் வேண்டும்.

பிளான் பக்கத்தில் இதைப் பெரும்பாலும் ‘பேண்ட்வித்’ என்று எழுதியிருப்பார்கள். கறாராகப் பார்த்தால் பேண்ட்வித் என்பது வேகம், அதாவது ஜெராக்ஸ் மெஷின் ஒரு நொடிக்கு எத்தனை தாள் அடிக்கும் என்பது. மாதாந்திர அளவுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது தவறான பழக்கம், ஆனால் நிலைத்துவிட்டது. எழுதியிருக்கும் அலகைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘மாதத்துக்கு 100 ஜிபி’ என்றால் மொத்தத் தாள். ‘100 எம்பிபிஎஸ்’ என்றால் மெஷினின் வேகம்.

இங்கே இன்னொரு குழப்பம். எம்பிபிஎஸ் என்பதில் உள்ளது மெகாபிட், கோப்பின் அளவில் உள்ளது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும்.

அப்புறம், 10 ஜிபி வாங்கினால் சில பேனல்களில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கங்கள்) 9.3 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. விளம்பரத்தில் 1 ஜிபி என்பது 100 கோடி பைட். பல கணினிகள் 1024 × 1024 × 1024 என்று பெருக்கி, அதையும் ஜிபி என்றே எழுதுகின்றன. சுமார் 7 சதவீத வித்தியாசம் வரும். வரம்பின் விளிம்பில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

எவ்வளவு டிரான்ஸ்ஃபர் வேண்டும் என்று கணக்குப் போடுவது

பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு பக்கத்தின் எடை, ஒரு நாளில் வருபவர் எண்ணிக்கை, ஒருவர் பார்க்கும் பக்கங்கள், மாதத்தின் நாட்கள், இவை நான்கையும் பெருக்க வேண்டும். பக்கம் 1.5 எம்பி, நாளுக்கு 300 பேர், ஆளுக்கு 2 பக்கம் என்றால் ஒரு நாளுக்கு 900 எம்பி, 30 நாளுக்கு 27 ஜிபி. இதை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்வேன். ஏன் இரண்டு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்தின் எடையை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் உங்கள் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், கேஷை (பிரவுசர் முன்பே சேமித்துவைத்த பிரதிகளை) முடக்கும் பெட்டியை டிக் செய்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். அடியில் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று கோப்புகளின் உண்மையான அளவு, இன்னொன்று சுருக்கி அனுப்பப்பட்ட அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது, ஏனென்றால் மீட்டரில் ஏறுவது அதுதான். ஆனால் யூடியூப் வீடியோவோ வெளியிலிருந்து வரும் எழுத்துருவோ பக்கத்தில் இருந்தால் அந்த எடையும் இதில் சேர்ந்து காட்டும். அது வேறொருவர் சர்வரிலிருந்து வருவது, நம் கணக்கில் இல்லை, கழித்துவிடலாம்.

எழுத்து எவ்வளவு பிடிக்கும் என்று பலர் கேட்கிறார்கள். தமிழுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட். ஆயிரம் சொல் கட்டுரை 25 கேபி போல வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்மடங்கு என்று கேட்டதும் பதறினேன். ஆனால் சர்வரில் ஜிசிப் அல்லது ப்ராட்லி சுருக்கம் இயங்கினால் அது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஃபோனில் எடுத்து அப்படியே ஏற்றிய 3 எம்பி படம் ஒன்று நூறு கட்டுரைக்கு மேல் எடை. எழுத்தைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

ஒலிக்கு வருவோம், எனக்கு அடி விழுந்த இடம் அது. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நொடிக்கு 128 கிலோபிட். எட்டால் வகுத்தால் 16 கேபி, ஒரு நிமிடத்துக்கு 960 கேபி, 20 நிமிடக் கதைக்கு 19.2 எம்பி. 40 கதையும் சேர்த்தாலே 768 எம்பிதான், அலமாரியின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆனால் 100 ஜிபியை 19.2 எம்பியால் வகுத்துப் பாருங்கள், சுமார் 5,200. மாதத்துக்கு 5,200 முறை கதை முழுதாகக் கேட்கப்பட்டால் கடை மூடிவிடும். ஒரு கதை நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றினால் போதும்.

வீடியோ இன்னும் மோசம். 5 எம்பிபிஎஸ் தரத்தில் 10 நிமிட வீடியோ 375 எம்பி. நூறு பேர் பார்த்தால் 37.5 ஜிபி. வீடியோவைச் சாதாரண ஹோஸ்டிங்கில் வைப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

கேட்காத கதைக்கும் தாள் செலவு

என் கதை வாட்ஸ்அப்பில் சுற்றியது உண்மை. அந்தச் சந்தோஷத்தில் அதுதான் முழுக் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் தம்பி ஒருவர்தான், “அக்கா, லாக்கைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை.

சிபேனல் போன்ற பேனல்களில் ‘ரா அக்சஸ்’ என்ற பெயரில் சர்வர் லாக் கிடைக்கும். யார் எந்தக் கோப்பை எப்போது கேட்டார், எத்தனை பைட் போனது என்று ஒரு வேண்டுகோளுக்கு ஒரு வரி. அதில் எம்பி3 கோப்புகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வேறு மாதிரி இருந்தது. முகப்புப் பக்கத்தில் 12 கதைகளுக்குப் பிளேயர் வைத்திருந்தேன். பக்கம் திறந்ததுமே 12 எம்பி3யையும் பிரவுசர் கேட்க ஆரம்பித்திருக்கிறது. பிளேயரில் ‘பிரீலோட்’ என்ற அமைப்பு ‘ஆட்டோ’வில் இருந்ததுதான் காரணம். பிளே பட்டனைத் தொடுவதற்கு முன்பே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள் என்று பிரவுசருக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். எவ்வளவு இறக்குவது என்பது பிரவுசரின் விருப்பம். கதையே கேட்காமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் 12 கதைகளின் தொடக்கத்தையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

லாக்கில் இதை அடையாளம் காண ஒரு வழி, 206 என்ற நிலை எண். கோப்பின் ஒரு பகுதி மட்டும் அனுப்பப்பட்டது என்று பொருள். உண்மையாகக் கேட்பவரும் நடுவில் தள்ளிக் கேட்டால் 206 வரும், அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஒரே ஆள், ஒரே நொடியில், 12 கோப்புக்கு 206 என்றால் அது கேட்பவர் இல்லை.

பிரீலோடை ‘நன்’ என்று மாற்றினேன். ஒரு சொல் மாற்றம்தான். அடுத்ததாக எல்லாக் கதைகளையும் 64 கேபிபிஎஸ், மோனோவாக மாற்றினேன். 19.2 எம்பி 9.6 ஆனது. பேச்சுக் குரலுக்கு ஸ்டீரியோ எதற்கு? கேட்பவர்களில் ஒருவர்கூட வித்தியாசத்தைச் சொல்லவில்லை. இசை போடுகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள், நன்றாகவே தெரியும்.

பாட்காஸ்ட் ஃபீட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல செயலிகள் புதிய பகுதி வந்ததும் தானாகவே இறக்கி வைத்துவிடும். சந்தாதாரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தாள் போய்விடும்.

பார்வையாளர் கணக்கில் வராதவர்கள்

ஏன் இரண்டால் பெருக்குகிறேன் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் ஒருவரை எண்ணும். தேடுபொறிகளின் பாட்கள் (தளங்களைத் தானாகச் சுற்றிவரும் நிரல்கள்), ஏஐ நிறுவனங்களின் பாட்கள், தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் லாகின் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயற்சி செய்யும் நிரல்கள், எம்பி3 இணைப்பை நேரடியாகத் திறப்பவர்கள், இவர்களில் பெரும்பாலோர் அதில் வருவதில்லை. சர்வர் மீட்டரில் அத்தனை பேரும் வருவார்கள். ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கருவி உங்கள் பேனலில் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். பார்க்கப்பட்ட போக்குவரத்து, பார்க்கப்படாத போக்குவரத்து என்று இரண்டு வரி தனித்தனியாகக் காட்டும். இரண்டாவதில் பாட்கள் இருக்கும். என் தளத்தில் சில மாதங்கள் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. அதிலிருந்து வந்ததுதான் அந்த இரண்டு.

ஒழுங்கான பாட்கள் ‘ரோபாட்ஸ்’ என்ற டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவைத்தால் கேட்டு நடக்கும். ஒழுங்கில்லாதவை நடக்காது. அவற்றை ஃபயர்வாலில்தான் தடுக்க வேண்டும்.

வேறொரு தளம் உங்கள் படத்தையோ ஒலியையோ நகலெடுக்காமல், உங்கள் சர்வர் முகவரியையே தன் பக்கத்தில் பொருத்திக்கொள்வதும் உண்டு. பெயர் அவர்களுக்கு, ஜெராக்ஸ் தாள் உங்களுடையது. சிபேனலில் ‘ஹாட்லிங்க் புரொடக்‌ஷன்’ என்ற வசதி இதைத் தடுக்கும். ஒலிக் கோப்புக்கு அதைப் போடும்போது நேரடி வேண்டுகோள்களை அனுமதிக்கும் பெட்டியை மறக்காமல் டிக் செய்யுங்கள். நான் மறந்தேன், சில பாட்காஸ்ட் செயலிகளில் ஒரு வாரம் கதையே ஓடவில்லை.

மீட்டரில் இணையப் பக்கங்கள் மட்டும் ஏறுவதில்லை என்பதும் முக்கியம். சிபேனலின் பேண்ட்வித் பக்கத்தில் எஃப்டிபி (கோப்புகளை ஏற்றி இறக்கும் முறை), ஐமேப், பாப்3, எஸ்எம்டிபி (மூன்றும் மின்னஞ்சலுக்கானவை) ஆகியவற்றின் பங்கு தனியாகத் தெரியும். நீங்கள் இறக்கும் பேக்கப்பும், ஃபோனுக்கு வரும் மின்னஞ்சலும் அந்த 100 ஜிபியிலிருந்தே போகும். மின்னஞ்சல் இணைப்புகள் அனுப்பப்படும்போது 3 பைட்டை 4 எழுத்தாக மாற்றி அனுப்புவதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல கிளவுட் நிறுவனங்களில் உள்ளே வருவது இலவசம், வெளியே போவதற்கு மட்டும் கட்டணம். ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இரண்டையும் எண்ணுவது உண்டு. வாங்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்டோரேஜ் நிரம்பும் விதம்

டிரான்ஸ்ஃபர் பாடத்தைக் கற்றுக்கொண்ட பெருமையில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 10 ஜிபியில் 9 ஜிபி சும்மாதானே கிடக்கிறது, அசல் பதிவுகளை அங்கேயே பத்திரமாக வைப்போம் என்று நினைத்தேன். அசல் பதிவு வேவ் கோப்பு. சிடி தரத்தில், ஸ்டீரியோவில், ஒரு நிமிடத்துக்கு 10.6 எம்பி போல வரும், 20 நிமிடத்துக்கு 212 எம்பி. 40 கதைக்கு ஏறக்குறைய 8.5 ஜிபி. சரியாக அடங்கிவிட்டது.

அடங்கியது ஞாயிற்றுக்கிழமை வரை. அன்றிரவு பேக்கப் பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) வழக்கம்போல் எழுந்து, தளம் முழுவதையும், அந்த வேவ் கோப்புகளோடு சேர்த்து, ஒரே சிப் கோப்பாக அதே கணக்குக்குள் கட்ட ஆரம்பித்தது. பாதியில் இடம் தீர்ந்தது.

இடம் முழுதாகத் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது டிரான்ஸ்ஃபர் தீர்வதுபோல் கண்ணியமாக நடக்காது. தளம் திறக்கும், ஆனால் வேர்ட்பிரஸில் நுழைந்தால் ஏதாவது ஒன்று சேமிக்காமல் அடம்பிடிக்கும். வருகிற மின்னஞ்சல் திரும்பிப் போகும், அனுப்பியவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். இதையெல்லாம் சரிசெய்ய நான் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றிச் சேமித்தேன். எழுத இடம் இல்லாததால் கோப்பு 0 பைட் ஆகிவிட்டது. அதோடு தளமும் போனது. இடம் தீர்ந்த சர்வரில் எதையும் எடிட் செய்யாதீர்கள். முதலில் நீக்குங்கள், அப்புறம் மற்றது.

எதை நீக்குவது? பேனலில் ‘டிஸ்க் யூசேஜ்’ பக்கத்தைத் திறந்து, ஃபோல்டர்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் குற்றவாளி பெரும்பாலும் முதல் மூன்று வரிக்குள் இருக்கும். நான் பார்த்தவரை திரும்பத் திரும்ப மாட்டுவது பழைய பேக்கப்கள்தான். பேனலில் முழு பேக்கப் எடுத்தால் அது உங்கள் ஹோம் ஃபோல்டரிலேயே வந்து உட்காரும், இறக்கிக்கொண்ட பிறகு நீங்களே அழிக்க வேண்டும். அடுத்தது எரர் லாக். ஏதோ ஒரு பிளக்இன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கையை எழுதிக்கொண்டே இருந்தால் அது ஓசையின்றி ஜிபி கணக்கில் வளர்ந்துவிடும். சிபேனல் ஃபைல் மேனேஜரில் நீக்கியவை ட்ராஷ் ஃபோல்டருக்குப் போகின்றன, அங்கே இருக்கும் வரை இடக்கணக்கில்தான் இருக்கின்றன. மின்னஞ்சல் பெட்டிகளின் ஸ்பாம் ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள்.

படங்கள் பெருகுவது இன்னொரு கதை. வேர்ட்பிரஸில் 4000 பிக்சல் அகல ஜேபெக் ஒன்றை ஏற்றினால், 150, 300, 768, 1024, 1536, 2048 என்று ஆறு அளவுகளில் தானாகப் பிரதி எடுக்கும். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்குச் சுருக்கிய ஒன்றும் சேர்ந்துகொள்கிறது, அசலும் அப்படியே இருக்கும். ஆக ஒரு படம் 8 கோப்பு. தீம் தன் பங்குக்கு இன்னும் சில அளவுகளைச் சேர்க்கும். நான் இப்போது ஏற்றுவதற்கு முன்பே 1200 பிக்சலுக்குச் சுருக்கி, வெப்பி வடிவத்தில் மாற்றிவிடுகிறேன். ஸ்டோரேஜ், டிரான்ஸ்ஃபர் இரண்டுமே குறையும்.

டேட்டாபேஸும் இடம் பிடிக்கும். கட்டுரையை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் வேர்ட்பிரஸ் பழைய வடிவத்தைச் சேமித்துவைக்கிறது, எத்தனை என்று வரம்பே வைப்பதில்லை. எழுத்துதான் என்பதால் பெரிய எடை இல்லை.

விளம்பரத்தில் இல்லாத எண்

மூன்றாவது முட்டல்தான் எனக்கு அதிக எரிச்சல். ஜிபி கணக்கே வேண்டாம் என்று ‘அன்லிமிடெட்’ பிளான் ஒன்றுக்கு மாறியிருந்தேன். சில மாதங்களில், வரம்பை மீறியதால் உங்கள் கணக்கில் பேக்கப் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. அன்லிமிடெடில் எந்த வரம்பு? ஐநோட் வரம்பு.

ஐநோட் என்பது நூலகத்தின் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. பெரிய புத்தகமோ துண்டுத்தாளோ, எதுவானாலும் ஒரு வரி. அலமாரியில் இடம் இருக்கலாம், பதிவேட்டில் வரி தீர்ந்துவிட்டால் புதிதாக ஒன்றையும் வைக்க முடியாது. ஒவ்வொரு கோப்பும், ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு ஐநோட். பல சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக் கோப்பாகவே இருக்கிறது, ஆக அதுவும் ஒன்று. ஷேர்டு பிளான்களில் ஒன்றிரண்டு லட்சம் என்று வரம்பு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விதிமுறைப் பக்கத்தில் எங்கோ ஒரு பத்தியில் இருக்கும்.

என் தளத்தில் இத்தனை கோப்புகள் எங்கிருந்து வந்தன? கேஷ் பிளக்இன். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பிரதியைச் சேமித்து, அதற்குச் சுருக்கிய பிரதி ஒன்றையும் சேமித்தது. தேடல் பெட்டியின் முடிவுப் பக்கங்களையும் விடவில்லை. பாட்கள் கண்டதையும் தேடித் தேடி ஆயிரக்கணக்கில் புதிய முகவரிகளை உருவாக்க, அத்தனைக்கும் கோப்பு. தேடல் பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்கிவிட்டு, ஃபோல்டரைக் காலி செய்ததும் ஐநோட் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கானது. பேனலின் பக்கவாட்டில் ‘ஃபைல் யூசேஜ்’ அல்லது ‘ஐநோட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் சப்போர்ட்டில் கேட்டால் சொல்வார்கள்.

சின்னக் கோப்புகள் இடத்தையும் தின்னும். வட்டில் இடம் வழக்கமாக 4 கேபி கட்டங்களாகத்தான் ஒதுக்கப்படுகிறது. 300 பைட் கோப்புக்கும் ஒரு கட்டம் முழுதாகப் போகும். அப்படி ஒரு லட்சம் கோப்பு என்றால் உள்ளே இருப்பது 30 எம்பி, பிடித்திருப்பது 400 எம்பிக்கு மேல்.

அன்லிமிடெட், அன்மீட்டர்டு

முடிவில்லாத வட்டு எங்கும் தயாராவதில்லை. அன்லிமிடெட் என்பதன் பொருள், பெரும்பாலானவர்கள் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துவார்கள் என்ற கணிப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன், பேருந்து பாஸும் அதே கணிப்பில்தான் ஓடுகிறது. ஆனால் பயன்பாட்டு விதிகளைப் படிக்காமல் வாங்கக்கூடாது. அதில் நீங்கள் தேட வேண்டிய வாக்கியங்கள், ஐநோட் எண்ணிக்கை, பேக்கப் எடுக்கப்படும் கணக்கின் உச்ச அளவு, தளத்துக்குத் தொடர்பில்லாத கோப்புகளைச் சேமிக்கலாமா, ஒலி ஒளிக் கோப்புகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டா என்பவை. என் வேவ் கோப்புகளை அங்கே வைத்திருந்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே மாட்டியிருப்பேன்.

ஜிபிக்கு வரம்பில்லாத இடத்தில் வரம்பு வேறு கதவு வழியாக வரும். ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுகோள், எவ்வளவு சிபியு, எவ்வளவு ரேம், வட்டில் நொடிக்கு எவ்வளவு எழுதலாம் படிக்கலாம் என்பவை. தாள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஆனால் மெஷின் அருகே ஒரே நேரத்தில் 20 பேர்தான் நிற்கலாம் என்பதுபோல. கூட்டம் வந்தால் 503 அல்லது 508 என்று பிழை வரும். சிறிய தளங்களுக்கு இந்த வரம்பில்தான் முதலில் இடிக்கும் என்பது என் அனுபவம்.

அன்மீட்டர்டு என்ற சொல் கொஞ்சம் நேர்மையானது. மீட்டர் இல்லை, வேகத்துக்கு மட்டும் வரம்பு. வேகம் என்ன என்று கேட்டால் உச்சவரம்பைக் கணக்கிட்டுவிடலாம். 10 எம்பிபிஎஸ் குழாய் 30 நாளும் இடைவிடாமல் ஓடினால் 3.24 டெராபைட், 100 எம்பிபிஎஸ் என்றால் 32.4 டெராபைட். எந்தத் தளமும் 24 மணி நேரமும் ஒரே சீராக ஓடாது என்பதால் இதில் ஒரு பகுதிதான் நடைமுறையில் கிடைக்கும்.

வாங்கும் முன் நான் கேட்பவை

இப்போதெல்லாம் பிளான் வாங்கும் முன் சப்போர்ட்டுக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்புகிறேன். டிரான்ஸ்ஃபர் தாண்டினால் தளம் நிற்குமா, வேகம் குறையுமா, கூடுதல் கட்டணம் வருமா? இதில் கூடுதல் கட்டணம் என்ற பதில்தான் ஆபத்தானது, கதை ஒன்று வைரலானால் பில்லும் வைரலாகும். உச்சத்தொகை வைக்க முடியுமா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். மாதம் 1ஆம் தேதி மீட்டர் பூஜ்யமாகுமா, நான் வாங்கிய தேதியிலா? ஐநோட் எத்தனை? மின்னஞ்சலும் டேட்டாபேஸும் அதே 10 ஜிபிக்குள்ளா? எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். சாட்டில் சொன்னதைப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

என் தளம் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. பக்கங்கள் சாதாரண ஷேர்டு பிளானில், முன்னால் ஒரு சிடிஎன், அதாவது கோப்புகளின் பிரதிகளைத் தன் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை. படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் பெரும்பாலும் சிடிஎன்னே கொடுத்துவிடுவதால் அந்த மீட்டர் அதிகம் நகர்வதில்லை. ஒலிக் கோப்புகள் தனியாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளை மட்டும் சேமித்துக் கொடுக்கும் கிளவுட் சேவை). அங்கே சேமிப்புக்கு ஒரு விலை, வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஒரு விலை என்று வெளிப்படையாக இருக்கிறது, செலவு எச்சரிக்கையும் வைத்திருக்கிறேன். வேவ் கோப்புகள் வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்கில், பேக்கப் சிப்கள் சர்வருக்கு வெளியே.

ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஃபோனில் அலாரம் அடிக்கும். பேனலைத் திறந்து டிரான்ஸ்ஃபர், ஸ்டோரேஜ், ஐநோட் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுவேன். 10ஆம் தேதிக்குள் மூன்றில் ஒரு பங்கு டிரான்ஸ்ஃபருக்கு மேல் போயிருந்தால் மாதக் கடைசியில் இடிக்கும், இன்னும் 20 நாள் இருக்கும்போதே லாக்கைத் திறந்துவிடலாம். போன மாதம் 14 ஜிபி. அதில் எம்பி3 ஒன்றுகூட இல்லை, பாதிக்கு மேல் பாட்கள்.